ஒரே பாட்டு, எந்த நாடா? டைம்-லைஃப் தபால் சிடிகளைச் சேர்ப்பது எப்படி

அமெரிக்காவின் டைம்-லைஃப் நிறுவனம் 1986-ல் ‘தி ராக் அண்ட் ரோல் எரா’ என்ற தொகுப்பு வரிசையைத் தபாலில் விற்கத் தொடங்கியது. 1988-ல் ‘கிளாசிக் ராக்’, 1989-ல் ‘சவுண்ட்ஸ் ஆஃப் தி செவன்டீஸ்’, 1990-ல் ‘சூப்பர் ஹிட்ஸ்’ என்று அடுத்தடுத்து வந்தன. இரவு நேரத் தொலைக்காட்சியில் பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக மேலேறிப் போகும், கீழே கட்டணமில்லாமல் அழைக்கும் ஒரு 800 தொலைபேசி எண் ஒளிரும். அந்த விளம்பரங்களில் விற்ற சிடி தட்டுகள்தான் இவை. இன்று அமெரிக்காவின் பழைய பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. பலரும் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘பழைய ஹிட்ஸ்தானே’ என்று வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் 1950, 60-களின் பாப் இசையைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் அந்தக் குவியலை விட்டு நகர மாட்டார்கள்.

காரணம், ஒரு தொகுப்பின் மதிப்பு அதன் பாட்டுப் பட்டியலில் இல்லை என்பதே. ஒவ்வொரு பாட்டும் எந்த ஒலிநாடாவிலிருந்து தட்டுக்கு வந்தது என்பதில் இருக்கிறது. ஒரே பாட்டு பத்துத் தொகுப்புகளில் இருந்தால் அவை பத்தும் ஒன்றல்ல. ஒன்றில் 1962-ல் வானொலியில் ஒலித்த அதே மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) கலவை இருக்கும். இன்னொன்றில் வேறு டேக்கிலிருந்து, அதாவது வேறொரு முறை பாடிப் பதிவு செய்ததிலிருந்து, செய்த ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்). மூன்றாவதில், அதே பாடகர் இருபது வருஷம் கழித்து வேறு ஸ்டூடியோவில் மறுபடி பாடியது. அட்டையில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் அச்சாகியிருக்கும். சேகரிப்பவரின் வேலை இந்த மூன்றையும் பிரித்தறிவது.

தபால் வியாபாரம் நடந்த விதம்

டைம்-லைஃப் 1961-ல் டைம் நிறுவனத்தின் புத்தக விற்பனைப் பிரிவாகத் தொடங்கியது. மாதம் ஒரு புத்தகம் வீடு தேடி வரும், பிடித்தால் பணம் கட்டலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். இந்த முறையைத்தான் அப்படியே இசைக்கும் கொண்டுவந்தார்கள். முதல் தட்டைப் பத்து நாள் வீட்டில் வைத்துக் கேட்கலாம். வைத்துக்கொண்டால், சொல்லி நிறுத்தும் வரை இடைவெளி விட்டு அடுத்தடுத்த தட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

இன்று எது எளிதில் கிடைக்கிறது, எது அரிது என்பதை இந்த ஒரு ஏற்பாடே தீர்மானித்துவிட்டது. வரிசையின் முதல் தட்டு சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் போயிற்று. ஐந்தாவது வருவதற்குள் சிலர் விலகினார்கள், இருபதாவது வரும்போது இன்னும் பலர் இல்லை, கடைசித் தட்டுகள் விடாமல் நின்றவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தன. அதனால் ‘1957’ என்ற தொடக்கத் தட்டு மலிவாகக் கிடைக்கும். அதே வரிசையின் கடைசிப் பகுதித் தட்டுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கடைசித் தட்டுகளில் பெரிய ஹிட்டுகள் தீர்ந்துபோய், ஹிட் பாட்டுகளின் தரவரிசையில் நாற்பதாவது இடத்துக்குள் ஒரே ஒரு முறை தலைகாட்டிய பாட்டுகள் இடம்பிடித்தன. அவற்றில் சில வேறெந்தச் சிடியிலும் நல்ல ஒலியில் வந்ததில்லை. அரிதான தட்டில் அரிதான பாட்டு சேர்ந்திருப்பது இப்படித்தான்.

கடையில் விற்காத பொருள் என்பதால் இவற்றில் பெரும்பாலும் பார்கோடு கிடையாது. பார்கோடை ஸ்கேன் செய்து தேடும் வசதியெல்லாம் இங்கே உதவாது. முதுகுப்பட்டையில் உள்ள பட்டியல் எண்ணைக் குறித்துவைத்துத்தான் தேட வேண்டும். தலைப்பை மட்டும் நம்பினால் குழப்பம்தான். ‘1958’ ஒன்று, ‘1958: ஸ்டில் ராக்கின்’ இன்னொன்று, இரண்டும் வேறு வேறு பட்டியல். ‘சூப்பர் ஹிட்ஸ்’ வரிசையோ 1990-களின் நடுவில் ‘ஏஎம் கோல்ட்’ என்று பெயர் மாறி, புது அட்டையோடு வந்தது. பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

பின் அட்டையின் சின்ன எழுத்துகள்

பாட்டுகளின் உரிமை பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்க, ஒரே தட்டில் 22 பாட்டுகளை எப்படிச் சேர்த்தார்கள்? பெரிய இசை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருந்தன. வார்னர் ஸ்பெஷல் புராடக்ட்ஸ், சிபிஎஸ் ஸ்பெஷல் புராடக்ட்ஸ் (பின்னாளில் சோனி), எம்சிஏ ஸ்பெஷல் புராடக்ட்ஸ், கேபிடல்-ஈஎம்ஐ-யின் செமா என இவற்றின் பெயர்களைப் பின் அட்டையில் பொடி எழுத்தில் காணலாம். தட்டைத் தயாரித்துக் கொடுத்தது எந்தப் பிரிவு என்பது அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு பாட்டின் ஒலிப்பதிவும் யாரிடமிருந்து உரிமம் பெறப்பட்டது என்ற விவரமும் அட்டையிலோ உள்ளே உள்ள தாளிலோ இருக்கும். வாங்கும் முன் முதலில் படிக்க வேண்டியது இந்த வரிகளைத்தான்.

இதன் பின்னால் உள்ள கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கச் சட்டப்படி, பாட்டை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் தட்டு ஒன்றுக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று தர வேண்டும். 1988, 89-ல் அந்தத் தொகை 5.25 சென்ட். 22 பாட்டு என்றால் 1 டாலர் 15 சென்ட்டுக்கு மேல். குறைத்துப் பேசிக்கொள்வது உண்டு என்றாலும், எழுத்துரிமைக்கே இவ்வளவு என்றால், அசல் ஒலிப்பதிவை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தருவது தனி. செலவைக் குறைக்க நினைத்த தொகுப்பாளர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. பாடகரின் பழைய ஒப்பந்தத்தில், அதே பாட்டை வேறு நிறுவனத்துக்குப் பாடக் கூடாது என்ற தடை சில ஆண்டுகளுக்குத்தான் இருக்கும். அது முடிந்ததும் அவரை அழைத்து வந்து மறுபடி பாடவைத்தால், அசல் நாடாவின் சொந்தக்காரருக்கு ஒரு காசும் தர வேண்டாம். அட்டையில் ‘அசல் பாடகர்கள்’ என்று போட்டுக்கொள்ளலாம். அதில் பொய்யும் இல்லை. மலிவுத் தொகுப்புகள் பலவற்றில் நடந்தது இதுதான். 1960-களிலிருந்து தொலைக்காட்சி வழியே தட்டுகளை விற்ற, கனடாவின் வின்னிபெக்கைச் சேர்ந்த கே-டெல்லின் பிற்காலத் தொகுப்புகளிலும் இப்படிப்பட்ட மறுபதிவுகள் நிறைய.

‘அசல் ஒலிப்பதிவுகள்’ என்ற சொல் வேறு, ‘அசல் பாடகர்கள்’ என்ற சொல் வேறு. டைம்-லைஃப் வரிசைகளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது, பெரும்பாலும் அசல் ஒலிப்பதிவுகளையே பயன்படுத்தியதும், ஒலிச் செப்பத்தில் எடுத்துக்கொண்ட அக்கறையும். ‘ராக் அண்ட் ரோல் எரா’ தட்டுகள் பலவற்றில் பாலிகிராம் ஸ்டூடியோவின் ஒலிப் பொறியாளர் டென்னிஸ் டிரேக் பெயரைப் பார்க்கலாம். அந்தப் பெயருக்காகவே தட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. இரைச்சலை நீக்குகிறேன் என்று மேல் ஸ்தாயியை வழித்தெடுக்காமல், ஒலியளவைச் செயற்கையாக ஏற்றாமல் விட்ட தட்டுகள் அவை.

என்ன முயன்றாலும் சில பாட்டுகளின் அசல் கிடைக்கவே இல்லை. பிலடெல்பியாவின் கேமியோ-பார்க்வே நிறுவனத்தை 1967-ல் இசைத்துறை மேலாளர் ஆலன் கிளைன் வாங்கினார். அதுதான் பிறகு ஆப்கோ நிறுவனம் ஆயிற்று. அந்த நாடாக்களை அவர் பூட்டியே வைத்திருந்தார். சப்பி செக்கரின் ‘தி ட்விஸ்ட்’, ‘?’ (கொஸ்டின் மார்க்) அண்ட் தி மிஸ்டீரியன்ஸின் ‘96 டியர்ஸ்’ போன்ற பெரும் ஹிட்டுகளின் அசல் பதிவுகள் முறைப்படி சிடியில் வந்தது 2005-ல்தான். ஆகவே 1980, 90-களின் தொகுப்பு ஒன்றில் இந்தப் பாட்டுகளைக் கண்டால் மறுபதிவு என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். பீட்டில்ஸ் பாட்டுகளைத் தேடிப் பயனில்லை. அவர்களின் நிறுவனமான ஈஎம்ஐ அவற்றை இப்படிப்பட்ட தொகுப்புகளுக்குக் கொடுக்கவில்லை. 1964 முதல் 69 வரையிலான ராக் இசையின் வரலாறு என்று விற்ற ‘கிளாசிக் ராக்’ வரிசையில் அந்தப் பெரிய ஓட்டை கடைசி வரை அடைபடவில்லை.

மறுபதிவைக் காதால் பிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பாடகரின் குரல் கொஞ்சம் தடித்து, சுருதி இறங்கியிருக்கும். டிரம் இடமும் வலமுமாக அகலப் பரவிக் கேட்கும். 1961-ல் அப்படிப் பதிவு செய்யவில்லை. எதிரொலி வழவழவென்று சீராக இருக்கும். பின்னணிக் குரல்கள் அசலைவிடத் துல்லியமாக இருக்கும், உயிர் மட்டும் இருக்காது.

நீளத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

வானொலியில் ஓடியது சிங்கிள் (ஒரு பாட்டை முன்நிறுத்தி வெளியிட்ட சிறு வினைல் தட்டு) வடிவம். ஆல்பத்தில் இருந்தது சில நேரம் வேறு நீளம். தி அனிமல்ஸின் ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ 1964-ல் முழு நீளம் 4:29. அமெரிக்க சிங்கிளுக்கு அதை 2:58 ஆக வெட்டினார்கள். தி டோர்ஸின் ‘லைட் மை ஃபயர்’ ஆல்பத்தில் ஏழு நிமிடம். நடுவிலிருந்த ஆர்கன், கிட்டார் தனிவாசிப்பையெல்லாம் எடுத்துவிட்டு 2:52 நிமிட சிங்கிள் ஆக்கினார்கள். தொகுப்புக்கு நாடா கேட்டால் காப்பகத்தில் முதலில் கைக்குக் கிடைப்பது ஆல்பத்தின் நாடாதான். அதனால் ‘வானொலி ஹிட்ஸ்’ என்ற பெயரில் ஆல்பம் வடிவமே வந்துவிடுவது சாதாரணம். சேகரிப்பவருக்கு உண்மையில் அரிதானது வெட்டப்பட்ட வடிவம். முழு வடிவம் எங்கும் கிடைக்கும்.

ஆனால் சிங்கிள் லேபிளில் அச்சான நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1964-ல் ரைட்டியஸ் பிரதர்ஸின் ‘யூ ஹாவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலிங்’ சிங்கிளில் 3:05 என்று போட்டிருந்தது. ஓடியது ஏறக்குறைய 3:45. நீளமான பாட்டென்றால் வானொலி நிலையங்கள் போடத் தயங்கும் என்பதால் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் வேண்டுமென்றே குறைத்துப் போட்டார். அந்தக் காலத்தில் இப்படிக் குறைத்து அச்சிட்டது அவர் ஒருவர் மட்டுமல்ல. நல்ல நிலையில் உள்ள சிங்கிள் தட்டை ஓடவிட்டு நேரம் பார்த்தவர்களின் குறிப்பே நம்பகமானது. சிடியில் அந்த நேரத்தைவிட ஐந்தாறு விநாடி குறைந்திருந்தால், கடைசியில் ஒலி மங்கும் இடத்தைச் சீக்கிரம் முடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். முழுப் பாட்டும் ஒரே விகிதத்தில் நீண்டோ குறுகியோ இருந்து, சுருதியும் சற்றே மாறியிருந்தால் நாடா ஓடிய வேகம் தவறு.

மோனோவா, ஸ்டீரியோவா, போலியா

1960-களின் நடுப்பகுதி வரை பாப் பாட்டுகளின் அசல் என்பது மோனோ கலவைதான். தயாரிப்பாளர் உட்கார்ந்து மெனக்கெட்டது அதில்தான். அதே ஒலிப்பதிவிலிருந்து பிறகு செய்த ஸ்டீரியோவில் தாளம் ஒரு பக்கம், குரல் மறுபக்கம் என்று பிரிந்து நிற்கும். கேட்கத் தெளிவாக இருக்கும். அடி மட்டும் விழாது. சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்கு அது. ஆனால் தட்டில் எது இருக்கிறது என்று தெரிந்து வாங்குவது நல்லது.

கணினியில் ஐந்து நிமிட வேலை இது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் பாட்டைத் திறந்து, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ தடங்களாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்து ‘இன்வர்ட்’ கட்டளை கொடுங்கள், அலை தலைகீழாகும். இரண்டையும் சேர்த்து ஒரே மோனோ தடமாகக் கலந்து கேளுங்கள். முழு மௌனம் என்றால் தூய மோனோ. பாட்டு மறைந்து, ‘ஸ்ஸ்’ என்ற நாடா இரைச்சலும் ‘ச’கர உச்சரிப்பின் மங்கலான மிச்சமும் மட்டும் கேட்டால், மோனோ நாடாவை ஸ்டீரியோ தலையில் ஓட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள், அதில் குற்றமில்லை. நடுவில் இருந்த குரல் மறைந்து, ஓரத்து வாத்தியங்கள் முழுசாகக் கேட்டால் உண்மையான ஸ்டீரியோ. எந்த வாத்தியமும் தனியாகப் பிரியாமல், எல்லாமே மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டால் போலி ஸ்டீரியோ. மோனோவை இரண்டாக்கி, ஒரு பக்கம் கீழ் ஒலியைக் கூட்டி, மறுபக்கம் மேல் ஒலியைக் கூட்டி, நடுவே சிறு தாமதமும் கொடுத்துச் செய்த வேலை அது. கேபிடல் நிறுவனம் இதற்கு டுவோஃபோனிக் என்று பெயர் வைத்து விற்றது. போலி ஸ்டீரியோ உள்ள தடத்தைச் சேகரிப்பில் ‘இருக்கிறது’ என்று கணக்கு வைக்காதீர்கள்.

மோனோ தடத்தில் அங்கங்கே ‘டிக்’ என்ற ஒலி கேட்டால், உரத்த இடங்களில் குரல் கரகரத்தால், நாடா கிடைக்காமல் வினைல் தட்டிலிருந்தே பிரதி எடுத்திருக்கிறார்கள். சிறு நிறுவனங்களின் நாடாக்கள் தொலைந்துபோனது அதிகம் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. பெரிய நிறுவனங்களிலும் இழப்புகள் நேர்ந்தன. 1978 பிப்ரவரியில் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் இருந்த அட்லாண்டிக் இசை நிறுவனத்தின் கிடங்கு எரிந்து, வெளிவராத பதிவுகளும் மாற்று டேக்குகளும் ஆயிரக்கணக்கில் போயின. 2008 ஜூன் 1-ல் ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத் தீ விபத்தில் மாஸ்டர் (மூல) நாடாக்கள் எரிந்தன. எவ்வளவு என்பதில் இன்றும் சர்ச்சை. எரிந்துபோன நாடா எதிலிருந்தாவது 1980-களில் ஒரு தொகுப்புக்குப் பிரதி எடுத்திருந்தால், மலிவு விலைக்குக் கிடக்கும் அந்தத் தட்டே இன்று நல்ல பிரதியாக இருக்க வாய்ப்புண்டு.

உள்வளையத்தைப் படிப்பது

தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். நடு ஓட்டைக்கும் பாட்டுப் பகுதிக்கும் இடையிலுள்ள கண்ணாடி வளையத்தில் பொடி எழுத்துகள் தெரியும். பட்டியல் எண், அச்சடித்த ஆலையின் குறி, கண்ணாடி மாஸ்டரின் (அச்சுக்கான மூலத் தட்டின்) எண் எல்லாம் அங்கே இருக்கும். எஸ்ஆர்சி (SRC) என்றால் பென்சில்வேனியாவின் ஒலிஃபன்ட்டில் இருந்த ஸ்பெஷல்டி ரெக்கார்ட்ஸ் ஆலை. டிஏடிசி (DADC) என்றால் இண்டியானாவின் டெர் ஹோட் நகர ஆலை. 1984-ல் திறந்த, அமெரிக்காவின் முதல் சிடி ஆலை.

பட்டியல் எண்ணை ஒட்டி ஆர்இ-1 (RE-1) என்று இருந்தால் கவனியுங்கள், அது திருத்திய பதிப்பு. அட்டை அதே, பட்டியலும் அதே. உள்ளே சில பாட்டுகளுக்கு மட்டும் இன்னும் நல்ல நாடா கிடைத்து மாற்றியிருப்பார்கள், மோனோவாக இருந்தது ஸ்டீரியோ ஆகியிருக்கும். வெளியே எந்த அறிவிப்பும் இருக்காது. இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் உள்வளையத்தின் படத்தைக் கேட்பது இதற்குத்தான். படம் அனுப்ப மறுப்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குறிப்பிட்ட பதிப்பைத் தேடுபவர் வாங்க வேண்டாம்.

வளையத்தில் ஐஎஃப்பிஐ (IFPI, உலக இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு) என்ற குறி இருந்தால் அந்தத் தட்டு 1994-க்கு முன் அச்சானதல்ல, அட்டையில் 1988 என்று போட்டிருந்தாலும் சரி. அந்தக் குறிமுறை 1994-ல்தான் வந்தது. அட்டையின் ஆண்டு தொகுப்பு உருவான ஆண்டு. தட்டு எப்போது அச்சானது என்பதற்கு அது சாட்சி அல்ல.

வந்த தட்டைப் பார்ப்பது, பிரதி எடுப்பது

பாலிகார்பனேட் 1.2 மில்லிமீட்டர் தடிமன். அலுமினியப் படலம் இருப்பது அதன் மேற்புறம், பெயர் அச்சான பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியில். அதனால் பளபளக்கும் பக்கத்தில் உள்ள கீறலைவிடப் பெயர்ப் பக்கத்துக் கீறல்தான் ஆபத்து. பளபளக்கும் பக்கத்தை மெருகேற்றிச் சரிசெய்யலாம். பெயர்ப் பக்கத்தில் படலமே உரிந்துபோனால் அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். தட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகள் தெரியும். ஒன்றிரண்டு சின்னத் துளை ஆலையிலேயே நேர்வது, பாட்டு தடைபடாது. ஓரத்தில் திட்டுத்திட்டாக வெளிச்சம் வந்தால் வாங்காதீர்கள். பிரிட்டிஷ் தொகுப்புகளும் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிடிஓ ஆலை அச்சடித்த தட்டுகளில் வெண்கல நிறம் ஏறி, ஓரத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டு வரும். அதற்கு மருந்து இல்லை; பாடும்போதே பிரதி எடுத்துவிட வேண்டும்.

1980-களின் தடித்த இரட்டைப் பெட்டிகளில் தட்டுக்கு மேல் ஒரு நுரைத் தாள் வைத்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அது பிசுபிசுத்துப் பெயர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை அதைத் தூக்கிப் போடுவது. ஒட்டியிருந்தால் இழுத்து உரிக்காதீர்கள், படலமும் கூடவே வரும். மற்றபடி சாதாரண அழுக்குக்கு வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும். பிழை திருத்தும் முறையால் அதைத் தாண்ட முடியாது.

கணினியில் பிரதி எடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, அல்லது டிபிபவர்ஆம்ப் மென்பொருள். பாதுகாப்பு முறையில் (செக்யூர் மோட்) எடுத்து, அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மற்றவர்கள் எடுத்த பிரதியோடு சரிபார்ப்பு எண் பொருந்தினால் பிழையில்லை. பொருந்தாவிட்டால் உடனே தட்டு கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இவை அதிகம் பேர் பதிவேற்றாத தட்டுகள். கைவசம் இருப்பது வேறு அச்சாகவும் இருக்கலாம், ஆர்இ-1 ஆகவும் இருக்கலாம். இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒத்துப்போனால் போதும். தரம் குறையாத எஃப்எல்ஏசி (FLAC) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் குறிப்பில் பட்டியல் எண்ணையும் வளைய எண்ணையும் எழுதிவிடுங்கள்.

ஒரு விரிதாளும் வேண்டும். பாட்டு, பாடியவர், தட்டு எண், ஓடும் நேரம், மோனோவா ஸ்டீரியோவா, சிங்கிள் வடிவமா ஆல்பமா என்று ஆறு பத்திகள் போதும். இந்த வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பவை. 1966-ன் பாட்டு ஒன்று ‘கிளாசிக் ராக்’கிலும் இருக்கும், ‘சூப்பர் ஹிட்ஸ்’ஸிலும் இருக்கும். விரிதாள் இல்லாமல் வாங்கினால் முப்பதாவது தட்டுக்குப் பிறகு ஒரே பாட்டு திரும்பத் திரும்பச் சேரும். விரிதாளோடு வாங்கினால் அதே பாட்டின் இரண்டு வடிவங்களைத் தெரிந்தே வைத்துக்கொள்ளலாம். மொத்தமாக ஒரு வீட்டிலிருந்து கிடைக்கும் முழு வரிசையை முதலில் வாங்குங்கள், தட்டு ஒன்றின் விலை அதில்தான் குறையும். விட்டுப்போன கடைசித் தட்டுகளுக்கும் ஆர்இ-1 பதிப்புகளுக்கும் தனித்தனியாகச் செலவழிக்கப் பணத்தை மிச்சம் வைத்திருங்கள்.